இரவில் புழுக்கம், பின்னேரம் இடிமழை: களனி கங்கை ஏறுமா? அடுத்த மூன்று நாள் வானிலை இழை

கால்வாய்க்கரை (வெள்ளவத்தை), செவ்வாய் இரவு 9.40

நேற்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, வருவது வெக்கைக் காற்று. கடல் நடக்கிற தூரம்தான், இருந்தும் இலை அசையவில்லை. இன்றைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்தால் இரண்டு எச்சரிக்கையும் ஒன்றாக வந்திருக்கின்றன. மேல் மாகாணத்தில் உடல் உணரும் வெப்பம் அவதானம் செலுத்த வேண்டிய மட்டத்தில் இருக்குமாம். அதே மேல் மாகாணத்திலும் சப்ரகமுவ, மத்திய மாகாணங்களிலும் காலி, மாத்தறை மாவட்டங்களிலும் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு இடியுடன் மழையாம், சில இடங்களில் 100 மி.மீ.க்கு மேல் போகலாமாம். தென்மேற்குக் காற்று ஓரிரு நாளில் வலுக்கும் என்றும் ஒரு வரி இருக்கிறது.

நாங்கள் இருப்பது கால்வாய்ப் பக்கம், நிலமாடி வீடு. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அவசரத்துக்குப் படியேற மாட்டார். தம்பி குடும்பம் களனி கங்கைப் பக்கம் வெல்லம்பிட்டியில் வாடகைக்கு இருக்கிறது. போன நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகுதான் அந்த வீட்டுக்குப் போனார்கள், அதனால் அங்கே தண்ணீர் எப்படி வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. எதைப் பார்த்துத் தீர்மானிப்பது? வானத்தையா, அறிக்கையையா, போனில் வருகிற மழைப் படத்தையா?

புழுக்கம் (தெஹிவளை), செவ்வாய் இரவு 9.52

குளித்துவிட்டு வந்து துவாயைத் தேடுவதற்குள் வியர்த்துவிடுகிறது. மழை வரட்டும் என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இழையைப் பின்தொடர்கிறேன்.

மழைமானி (நுகேகொடை), செவ்வாய் இரவு 10.25

இரண்டு எச்சரிக்கையும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. வெக்கைதான் அந்தப் பின்னேர மழைக்கு அடுப்பு.

ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் நமது தீவுக்கு நேர் உச்சியில் நின்றுவிட்டு வடக்கே போகிறது. அதற்குப் பிறகு மே நடுப்பகுதி வரை சுற்றியுள்ள கடல் நன்றாகச் சூடேறி இருக்கும், தென்மேற்குக் காற்று இன்னும் முழுதாகப் பிடித்திருக்காது. காற்று ஓட்டம் இல்லை, ஈரம் மட்டும் நிறைய. ஒரு பாகை சூடு கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த ஈரம்தான் நம்மை அவிய வைக்கிறது. நிழலில் 32 பாகையும் 70 வீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடம்புக்கு அது 40, 41 பாகை. வெப்பமானியைப் பார்த்து 'சும்மா 32 தானே' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவில் மேகம் மூடியே இருப்பதால் பகல் சூடு மேலே தப்பிப் போவதும் இல்லை.

மதியத்தில் தரை சூடேறி அந்த ஈரக் காற்று மேலே எழும். கடலில் இருந்து வரும் காற்று உள்நாட்டில் அதைச் சந்திக்கிற இடத்தில் இடிமேகம் கட்டும். அதனால்தான் பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணிக்குப் பிறகு இடிக்கிறது.

இது முதல் பாதி. இப்படிப்பட்ட மழை ஓர் ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் வெயில் எறிக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தென்மேற்குக் காற்று பிடித்தால் வருவது வேறு மழை. அது மலையில் மோதி நாள்கணக்கில் நின்று பெய்யும். உங்கள் வீட்டுக்கு ஆபத்து முதல் மழையால், தம்பி வீட்டுக்கு ஆபத்து இரண்டாவது மழையால். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் கொழும்பில் சனம் தேவையில்லாத நேரத்தில் பயப்படுகிறது, பயப்பட வேண்டிய நேரத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கிறது.

தொடர்மாடி7 (பம்பலப்பிட்டி), செவ்வாய் இரவு 10.41

மன்னிக்க வேண்டும் ஐயா, ஆனால் அறிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை. போன கிழமையும் 75 மி.மீ. என்றார்கள். பம்பலப்பிட்டியில் தூறலும் இல்லை. குடையைச் சுமந்ததுதான் மிச்சம். போன் செயலியில் நாளை முழுவதும் மேகத்தோடு ஒரு மின்னல் படம். அதுவும் தினமும் அதே படம்தான்.

ஆமர்வீதி (கொட்டாஞ்சேனை), செவ்வாய் இரவு 10.58

தொடர்மாடி அண்ணன் ஏழாம் மாடியில் இருந்து பார்த்தால் தூறல்கூடத் தெரியாதுதான். போன கிழமை அதே நாள் எங்கள் சந்தியில் முழங்கால் தண்ணீர்.

எனக்கு இங்கே ஹார்ட்வெயார் கடை. முக்கால் மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும், முதலில் கான் (வடிகால்) மூடி இடுக்கால் தண்ணீர் குமிழி விடும். பிறகு கறுத்த தண்ணீர், அதன் மேலே லன்ச் ஷீட், யோகட் கோப்பை, இளநீர்க் கோம்பை எல்லாம் மிதந்து வரும். பஸ் ஒன்று வேகமாகப் போனால் அலை நேரே கடைக்குள். சீமெந்து மூட்டைகளை நாங்கள் ஒரு காலமும் தரையில் வைப்பதில்லை, பலகை அடுக்கி அதற்கு மேல்தான். திரீவீல்காரர்கள் சைலன்சருக்குள் தண்ணீர் போகும் என்று சந்திக்கு முன்னாலேயே திருப்பிவிடுவார்கள்.

ஆனால் மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். கழுவி ஊற்றிவிட்டு வியாபாரம் பார்ப்போம்.

மழைமானி (நுகேகொடை), செவ்வாய் இரவு 11.20

தொடர்மாடி தம்பிக்கு: இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான். திணைக்களம் மாகாணம் முழுவதற்கும் சொல்கிறது. 'சில இடங்களில்' 75 என்றால் உங்கள் மாடி அந்தச் சில இடங்களில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோட்டையில் கொட்டும், இரத்மலானையில் ஓடுபாதை காய்ந்து கிடக்கும். போன் செயலிகள் பெரும்பாலும் உலகளாவிய மாதிரிகளில் இருந்து எடுக்கின்றன. அவற்றில் நல்லவையே பூமியை 9, 13 கிலோமீட்டர் கட்டங்களாக வைத்துத்தான் கணக்குப் பார்க்கின்றன, ஆமர் வீதிச் சந்தி அவற்றுக்குத் தெரியாது. இந்த மாதிரி மழைக்கு டொப்ளர் ரேடார் வேண்டும். அயல் நாடுகளைப் பார்க்க நாம் அந்த விஷயத்தில் எவ்வளவு பின்தங்கிவிட்டோம் என்று எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும்.

100 மி.மீ. என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லீற்றர். ஒரு பேர்ச் 25 சதுர மீட்டருக்குச் சற்றுக் கூட. ஆக 10 பேர்ச் காணியில் 100 மி.மீ. விழுந்தால் 25,000 லீற்றருக்கு மேல். கூரையில் நிற்கிறதே 1,000 லீற்றர் தாங்கி, அதில் இருபத்தைந்து. முன்பு அதில் பாதியை மண் குடித்தது. இப்போது முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதித்துவிட்டோம், அவ்வளவும் கானுக்குத்தான்.

1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மி.மீ. அளவில் பெய்தது. 2010 நவம்பரில் தியவன்னா ஓயா பெருகி நாடாளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போனது. அதற்குப் பிறகுதான் உலக வங்கிக் கடனில் கால்வாய்களைத் தூர்வாரி, அகலமாக்கி, முகத்துவாரத்தில் புதிய சுரங்க வழியும் அமைத்தார்கள். வேலை நடந்ததற்குப் பலன் இருக்கிறது. ஆனால் கானில் லன்ச் ஷீட் அடைத்தால் சுரங்கம் கட்டி என்ன பயன்?

வெல்லம்பிட்டி உம்மா, புதன் காலை 5.50

சுபஹுக்கு எழும்பியதும் இந்த இழையைப் பார்த்தேன். கால்வாய்க்கரை தங்கச்சி, உங்கள் தம்பிக்காகத்தான் எழுதுகிறேன்.

2016 மே மாதம் வெசாக் நாட்கள். எங்கள் ஒழுங்கையில் கூடு கட்டிக்கொண்டு இருந்தார்கள். மழை இரண்டு நாள் பெய்து விட்டுவிட்டது. அன்றைக்கு நல்ல வெயில். நனைந்த உடுப்புகளை எல்லாம் கொடியில் போட்டேன். பின்னேரம் கழிவறைக்குள் கொப்புளிக்கிற சத்தம். வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் கழிவறைக் குழி மேலே வருகிறது. மாமியார் அதைப் பார்த்தவுடனே 'கங்கை வருகிறது, பிள்ளைகளைக் கொண்டு போ' என்றார். அவர் 1989 வெள்ளம் பார்த்தவர். மஃரிபுக்கு முன்னால் முற்றம் நிறைந்தது, இரவில் ஜன்னல் வரை. மழை ஒரு துளி இல்லை, வானத்தில் நட்சத்திரம். அந்தத் தண்ணீர் போகக் கிழமைக் கணக்கானது, சேறு வழிக்க அதற்கு மேலே.

அதனால் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், வெல்லம்பிட்டியில் மழை விட்டால் ஆபத்து விட்டது என்று நினைக்க வேண்டாம். கழிவறையும் குளியலறை ஓட்டையும்தான் எங்களுக்கு முதல் அறிவித்தல். ஒரு பழைய துணியைப் பொலித்தீனில் சுற்றி அதில் திணித்து, மேலே மண் மூட்டை வைத்தால் அசுத்தத் தண்ணீர் உள்ளே வருவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான்.

ஆமர்வீதி (கொட்டாஞ்சேனை), புதன் காலை 6.30

உம்மா தாத்தா (அக்கா) சொல்வது முற்றிலும் சரி. 2016இல் எங்கள் பள்ளிவாசலில் இருந்து சோற்றுப் பார்சல் கொண்டு போனோம். கொலன்னாவைப் பக்கம் படகில்தான் போக முடிந்தது, கொட்டாஞ்சேனையில் தூசி பறக்கிறது.

மழைமானி (நுகேகொடை), புதன் காலை 7.45

உம்மா எழுதியதற்குப் பின்னால் இருக்கிற காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

களனி கங்கை 145 கிலோமீட்டர் நீளம். சிவனொளிபாத மலைப் பக்கத்து உயரங்களில் இருந்து வருகிறது. நோர்வூட்டில் இருந்து கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியாவில் இருந்து மஸ்கெலி ஓயா, தெரணியகலையில் இருந்து சீதாவக்கை, ருவன்வெல்லப் பக்கமிருந்து குருகொட ஓயா, எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. இந்த நீரேந்துப் பகுதி 2,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். இது முழுவதும் தென்மேற்குக் காற்றுக்கு நேரே முகம் காட்டிக்கொண்டு நிற்கிற சரிவு. கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மி.மீ. அளவில் பெய்தால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் அதைப்போல இரண்டு மடங்கு. மலையில் வேகமாக இறங்குகிற ஆறு ஹங்வெல்லவுக்குக் கீழே தட்டை நிலத்துக்கு வந்ததும் நடைபோடத் தொடங்கும், அகலும், பக்கத்துத் தாழ்நிலங்களில் ஏறும். அதனால் கித்துல்கலையில் பெய்த மழை வெல்லம்பிட்டிக்கு வந்து சேர்வதற்குள் இங்கே வெயில் எறித்திருக்கும்.

ஆகவே தம்பி பார்க்க வேண்டியது வானத்தை அல்ல. நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நீர்மட்ட அட்டவணையைப் பார்க்க வேண்டும். மழைக் காலத்தில் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பார்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதைப் பகிரும். மேலே இருந்து கீழே கித்துல்கலை, தெரணியகலை, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, கடைசியாகக் கிராண்ட்பாஸில் நாகலகம் வீதி. நாகலகம் வீதி அளவுகோல் இன்றைக்கும் அடியில்தான், மற்றவை மீட்டரில். அதில் பலர் தடுமாறுவார்கள். நாகலகம் வீதியில் 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஹங்வெல்லவில் 7 மீட்டர் எச்சரிக்கை, 8 சிறு வெள்ளம், 10 பெருவெள்ளம். 2016இல் நாகலகம் வீதி 7 அடியைத் தாண்டியது.

எண்ணை விட முக்கியம் பக்கத்தில் இருக்கிற ஏறுமுகம், இறங்குமுகம் என்ற குறிப்பு. ஹங்வெல்ல 7 மீட்டரில் நின்று இறங்குகிறது என்றால் நிம்மதி. 6 மீட்டரில் நின்று ஒவ்வொரு அறிக்கைக்கும் அரை மீட்டர் ஏறுகிறது என்றால் தம்பி சாமான் கட்டத் தொடங்க வேண்டும். ஹங்வெல்லவில் ஏறுகிற தண்ணீர் நாகலகம் வீதிக்கு வரப் பல மணி நேரம் எடுக்கும், அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம்.

இனிக் கால்வாய்க்கரைக்கு. களனி உயர்ந்தால் ஆற்றுத் தண்ணீர் நகருக்குள் வராமல் இருக்க வடக்குப் பக்கத்துக் கால்வாய்க் கதவுகளை மூடுவார்கள். ஆங்கிலேயர் காலத்து வெள்ளத் தடுப்புக் கட்டு நகரின் உட்பகுதியைக் காக்கிறது, கொலன்னாவை, வெல்லம்பிட்டித் தாழ்நிலங்களுக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவு இல்லை. ஆனால் கதவை மூடினால் நகருக்குள் பெய்கிற மழைக்கும் அந்த வழி அடைபடுகிறது. பிறகு பம்புதான், அல்லது முகத்துவாரம், வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துக் கடல் வாய்கள்தான். அந்த நேரத்தில் கடலும் கொந்தளித்து, கொழும்பிலும் இடிமழை கொட்டினால் உங்கள் கால்வாய் நிரம்பும். உங்கள் வீட்டுக்கு ஆபத்து இடிமழையால் என்று முன்பு சொன்னேன், ஆனால் அது தனியே வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வர வாய்ப்புக் குறைவு. மூன்றும் சேர்ந்து வருகிற நாளுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

கால்வாய்க்கரை (வெள்ளவத்தை), புதன் காலை 8.20

நன்றி ஐயா. கடல் வாய் பற்றிச் சொன்னது உண்மை. இந்த மாதங்களில் அலை மணலைத் தள்ளிக்கொண்டு வந்து கால்வாய் வாயில் திட்டுப் போடும். ரயில் பாதைப் பாலத்தில் நின்று பார்த்தாலே தெரியும், தண்ணீர் கடலுக்குள் போகாமல் மண்டி நிற்கும். சில வேளை இயந்திரம் கொண்டுவந்து வெட்டிவிடுவார்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தகரக்கூரை (மட்டக்குளி), புதன் பகல் 1.05

எல்லோரும் வெள்ளத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை. இன்றைக்குக் காலை பத்து மணிக்கு எங்களோடு வேலை செய்கிற பெரியவர் ஒருவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி போட்ட பிறகுதான் கதைத்தார். வெள்ளம் வந்தால் பாடசாலையைத் திறந்து முகாம் போடுகிறார்கள், சோறு கொடுக்கிறார்கள். வெயிலுக்கு யாரும் முகாம் போடுவதில்லை. அரைநாள் போனால் அரைநாள் கூலி போனது, அவ்வளவுதான்.

வீட்டில் தகரக் கூரை. இரவு பத்து மணிக்கும் உள்ளே வெக்கை அடங்காது. சாக்கை நனைத்து மேலே போட்டிருக்கிறோம். பிள்ளைகள் சீமெந்துத் தரையில் படுக்கிறார்கள். சின்னவனுக்கு உடம்பு முழுக்க வேர்க்குரு.

புழுக்கம் (தெஹிவளை), புதன் பகல் 1.30

அண்ணன் சொன்னது சரி. வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு இருக்காமல் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடியுங்கள், அல்லது ஜீவனி உப்புக்கரைசல் பக்கெட்டைக் கரைத்துக் குடியுங்கள். வியர்வை நின்றுபோய், தோல் சுட்டு, பேச்சுக் குழறினால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். சுவசெரிய 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம்.

நோர்வூட் தேயிலை, புதன் பின்னேரம் 4.15

மலையிலிருந்து எழுதுகிறேன் அண்ணே. பகல் பதினொன்றில் இருந்து இங்கே வானம் மூடிவிட்டது. இடி இல்லை, காற்றும் மழையும்தான், நிற்காமல் ஒரே சீராகப் பெய்கிறது. மழைமானி ஐயா சொன்ன இரண்டாவது மழை இதுதான் என்று நினைக்கிறேன். கொழுந்து எடுக்கப் போனவர்களை நேரத்தோடு இறக்கிவிட்டார்கள்.

உங்களுக்கு இது வெள்ளம். எங்களுக்கு இது மண்சரிவு. நாங்கள் இருக்கிற லய வீடுகளுக்குப் பின்னால் வெட்டிய சரிவு நேரே நிற்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு என்று எச்சரிக்கை போடும். சிவப்பு என்றால் வெளியேறு என்று அர்த்தம். வெளியேறி எங்கே போவது என்பதுதான் கேள்வி. 2016இல் அரநாயக்கவில் ஒரு மலைப்பக்கமே கீழே வந்தது, கொழும்பில் வெள்ளம் வந்த அதே நாட்கள்தான். போன நவம்பரில் டித்வாவில் மலை சரிந்து என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இவற்றை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இன்றிரவு பிள்ளைகளையும் வயசானவர்களையும் கோயில் மண்டபத்துக்குக் கொண்டு போகிறோம்.

தொடர்மாடி7 (பம்பலப்பிட்டி), புதன் பின்னேரம் 4.40

கவனமாக இருங்கள் தம்பி.

ஒரு கேள்வி. வட்சப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது, மலையில் இருக்கிற காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் இரண்டையும் இன்றிரவு திறந்துவிடப் போகிறார்களாம், கொழும்பு மூழ்குமாம். உண்மையா? இன்னொன்று, எல்லாவற்றுக்கும் கடலை நிரப்பி உண்டாக்கிய போர்ட் சிட்டிதான் காரணம் என்கிறார்கள்.

நோர்வூட் தேயிலை, புதன் பின்னேரம் 5.05

அந்தக் குரல் பதிவு ஒவ்வொரு மழைக்கும் வரும் அண்ணே. காசல்ரீ எங்கள் கண் முன்னால்தான் இருக்கிறது. மாசிப் பங்குனி வெயிலுக்கு நன்றாக இறங்கியது, கரையில் சிவப்பு மண் இன்னும் தெரிகிறது. நிறையவே இல்லாத குளத்தை என்னத்துக்குத் திறப்பார்கள்? கீழே நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபானக் குளங்கள் சின்னவை, ஒரு நல்ல மழைக்கு நிறையும், வான்கதவு திறப்பார்கள். அதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அது கரையோரத்தில் இருப்பவர்களும் குளிக்க இறங்குபவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம்.

மழைமானி (நுகேகொடை), புதன் பின்னேரம் 5.30

போர்ட் சிட்டியைப் பற்றி வேறு நிறையக் கேள்வி கேட்கலாம், ஆனால் களனி வெள்ளத்துக்கு அது காரணம் இல்லை. ஆறு கடலில் விழுவது மட்டக்குளியில், துறைமுகத்துக்கு வடக்கே. போர்ட் சிட்டி துறைமுகத்துக்குத் தெற்கே, காலிமுகத்திடல் பக்கம். தேட வேண்டியது நமது சதுப்பு நிலங்களை. கொலன்னாவை, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை, தலவத்துகொடைச் சதுப்புகள்தான் வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடும் இடங்கள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டே மறுபக்கத்தில் இரவோடிரவாக டிப்பரில் மண் கொட்டி நிரப்புகிறோம். மீதொட்டமுல்லையில் குப்பை மலை எழும்பியதும் அப்படி ஒரு தாழ்நிலத்தில்தான். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்றைக்கு அது சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

இழை நடத்துனர், புதன் இரவு 7.10

மேலே ஒருவர் போட்ட 'இப்போது கடுவலை' என்ற படம் நீக்கப்பட்டது. அது பழைய வெள்ளத்தின் படம். நேரமும் இடமும் இல்லாத படங்களைப் போட வேண்டாம். அவசரத் தேவைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

கால்வாய்க்கரை (வெள்ளவத்தை), புதன் இரவு 8.35

மூன்றரை மணிக்கு இங்கே இடித்துப் பெய்தது. ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர், இப்போது வடிந்துவிட்டது. கால்வாய்த் தண்ணீர் கரையை விட இன்னும் இறக்கம்தான். கடல் வாயில் மணல் திட்டு இருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்தால் ஓடுகிறது. ஒரு நன்மை, இன்றிரவு ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த காற்று வருகிறது. அம்மா இப்போதே தூங்கிவிட்டார்.

தம்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். வெல்லம்பிட்டியில் மழை இல்லையாம், மேகம்கூட இல்லையாம். அட்டவணையைப் பார்த்தேன். கித்துல்கலையும் கிளென்கோர்ஸும் ஏறுமுகம். ஹங்வெல்ல எச்சரிக்கை மட்டத்துக்குக் கீழே, ஆனால் ஏறுமுகம். நாகலகம் வீதி சாதாரணம்.

வெல்லம்பிட்டி உம்மா, புதன் இரவு 8.50

சிரிக்கட்டும், சிரித்துக்கொண்டே சாமானைத் தூக்கச் சொல்லுங்கள். நான் இன்றைக்கே தொடங்கிவிட்டேன். அரிசி, மா, பிள்ளைகளின் புத்தகம், அடையாள அட்டை, காணி உறுதி, மருந்து, எல்லாம் மேல் தட்டில். குளிர்சாதனப் பெட்டியை மேசைக்கு மேல் ஏற்ற நாலு ஆண்கள் வேண்டும், தண்ணீர் வந்த பிறகு அந்த நாலு பேரும் கிடைக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிளை மேட்டில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் விடச் சொல்லுங்கள். காஸ் சிலிண்டரைக் கழற்றிக் கயிற்றால் கட்டி வைக்கச் சொல்லுங்கள், போன தடவை எங்கள் சிலிண்டர் மூன்று வீடு தாண்டி மிதந்து போனது. வெளியேறும்போது மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும், கால் நனைந்த பிறகு அதைத் தொடவே கூடாது.

கால்வாய்க்கரை (வெள்ளவத்தை), வியாழன் காலை 6.40

ஹங்வெல்ல சிறு வெள்ள மட்டத்தைத் தாண்டிவிட்டது. நாகலகம் வீதி எச்சரிக்கை மட்டத்தில். தம்பி மனைவியும் பிள்ளைகளும் நேற்று இரவே இங்கே வந்துவிட்டார்கள், அவன் சாமானோடு நிற்கிறான். குளியலறை ஓட்டையில் சத்தம் கேட்கிறதாம். இப்போது சிரிக்கவில்லை.

நோர்வூட் தேயிலை, வியாழன் காலை 7.15

இங்கே விடிய மூன்று மணியோடு மழை குறைந்துவிட்டது. மண்டபத்தில்தான் இருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் சரிந்து கானை மூடியிருக்கிறது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. செம்மஞ்சள் எச்சரிக்கை இன்னும் எடுக்கவில்லை.

தொடர்மாடி7 (பம்பலப்பிட்டி), வியாழன் பகல் 12.20

இங்கே நல்ல வெயில். மலையிலும் மழை குறைந்ததாம். அப்படியென்றால் முடிந்தது தானே? கால்வாய்க்கரையின் தம்பி திரும்பிப் போகலாமா?

மழைமானி (நுகேகொடை), வியாழன் பகல் 12.45

இன்னும் இல்லை. கித்துல்கலை இறங்குமுகம், கிளென்கோர்ஸ் இறங்கத் தொடங்கிவிட்டது, ஹங்வெல்ல அசையாமல் நிற்கிறது, நாகலகம் வீதி ஏறிக்கொண்டு இருக்கிறது. நேற்று மலையில் பெய்தது இப்போதுதான் உங்கள் பக்கம் வருகிறது. ஹங்வெல்ல தொடர்ந்து இரண்டு மூன்று அறிக்கைகளில் இறங்கி, அதற்குப் பிறகு நாகலகம் வீதியும் இறங்குமுகம் என்று வந்தால் திரும்புவது பற்றி யோசிக்கலாம். இன்று பின்னேரம் கொழும்பில் இன்னொரு இடிமழைக்கும் இடம் இருக்கிறது, வடக்குக் கதவுகள் மூடியிருந்தால் கால்வாய்க்கரை வீட்டார் அந்த நேரம் கால்வாயை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

தண்ணீருக்குள் இறங்கியவர்கள், காலில் கீறல் இருந்தால் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போடாமல் குடிக்க வேண்டாம்.

கால்வாய்க்கரை (வெள்ளவத்தை), வியாழன் பகல் 1.10

சரி ஐயா. தம்பியையும் இங்கே வரச் சொல்லிவிட்டேன், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் புறப்படுகிறானாம். மாலை ஆறு மணி அட்டவணை வந்ததும் இங்கே போடுகிறேன்.